அடைத்த ஹாலில் பவளம்

கல் பவளம் சாகும்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. மீன் செத்தால் மிதக்கும், நாற்றம் கிளம்பும், யாராவது ஓர் 'ஐயோ'வாவது சொல்வார்கள். பவளத்துக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. காலையில் அடித்தண்டில் நகக்கண் அளவுக்கு வெள்ளை தெரியும். நான் பள்ளிக்கூடம் போய்த் திரும்புவதற்குள் தோல் மொத்தமும் உரிந்து, கிளை கிளையாக எலும்பு மட்டும் நிற்கும். உரிந்த தோல் தண்ணீரில் சளி மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். எனக்குக் கோபம் தலைக்கேறும். யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியாது.

"இன்னிக்கு யாருடா?" என்று அப்பா கட்டிலிலிருந்து கேட்பார்.

"பச்சைக் கிளைப்பா."

"கொடுத்து வெச்சது. படுத்துக் கிடக்காம ஒரே நாள்ல போச்சு."

அப்பாவின் கட்டில் அதே ஹாலில், நான் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு எதிர்ச் சுவரோரம் கிடந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க சிகரெட் பிடித்தார். நுரையீரல் கையை விரித்த பிறகுதான் விட்டார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று கட்டில் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்குப் போகும். இந்தப் பக்கம் என் தொட்டியின் பம்புகள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே இரைச்சல்தான். எனக்கு மட்டும் தனித்தனியாகக் கேட்கும். ஒன்று கொஞ்சம் தடுமாறினாலும் எழுந்துவிடுவேன்.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், லாரி போகிற ரோட்டிலிருந்து இரண்டாவது தெரு. திறந்தால் தூசி. தெருமுனையில் குப்பையைக் கொளுத்தினால் புகை. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த அன்றே அக்கா பழுப்பு டேப் வாங்கி வந்து ஹால் ஜன்னல்களின் இடுக்கையெல்லாம் ஒட்டிவிட்டாள். பால்கனிக் கதவுக்குக் கீழே பழைய போர்வையைச் சுருட்டி வைத்தாள். ஏ.சி. ஓடியது. ஒரு பொட்டுத் தூசி உள்ளே வராது. அக்காவுக்கு அதில் பெரிய திருப்தி.

நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவன். தப்பான விடையைப் பார்த்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். கல்யாணப் பந்தியில்கூட யாராவது எதையாவது தப்பாகச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட என்னால் முடியாது. அப்பா சொல்வார்: "எமன் வந்தாக்கூட அவன் கணக்குல தப்பு இருந்தா திருத்திட்டுத்தான் கூடப் போவான் இவன்." அப்படிப்பட்டவன் தொட்டியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பவளம் செத்துக்கொண்டிருந்தது, காரணம் தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர். அதை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷினின் உள்பாகங்களை எல்லாம் மாற்றினேன். பிறகு அதைக் கடல்நீராக்கக் கரைக்கும் உப்பைச் சந்தேகப்பட்டு வேறு உப்புக்குப் போனேன். பிறகு விளக்கு. பிறகு நீரோட்டம். மேடவாக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் மீன் கடைக்காரர் என் தலை தெரிந்ததுமே கேட்பார்: "இன்னா சார், அதுவும் பூட்ச்சா?" வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து வருகிற பவளம் அது. நம் கடலில் ஒரு துண்டை உடைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். அவ்வளவு தூரம் உயிரோடு வந்து என் வீட்டு ஹாலில் சாவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியில் பி.எச். கண்ணில் பட்டது. தண்ணீர் அமிலப் பக்கம் சாய்கிறதா காரப் பக்கம் சாய்கிறதா என்று சொல்லும் எண் அது. கடல்நீரில் எட்டைத் தாண்டி இருக்க வேண்டும். என் தொட்டியில் ஏழு புள்ளி ஏழு. அந்த எண் இறங்கினால் பவளத்தால் எலும்பு கட்ட முடியாது. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். எண்ணை ஏற்றுவதற்கென்றே ஒரு தூள் விற்கிறது. கரைத்து ஊற்றினேன். எட்டுக்கு ஏறியது. சாப்பிட்டு வந்து பார்த்தால் பழைய இடத்துக்கே வந்திருந்தது. மறுபடி ஊற்றினேன். அளக்கும் கருவி ஒன்றை வாங்கித் தொட்டிக்கு மேலே மாட்டினேன், எந்நேரமும் எண் தெரிகிற மாதிரி. தெரியத் தெரிய ஊற்றினேன். எண் நிலைக்கவில்லை, தண்ணீரில் கார்பனேட் மட்டும் சேர்ந்துகொண்டே போனது. அதுவரை அடியிலிருந்து செத்த பவளங்கள் இப்போது நுனியிலிருந்தும் கருகிச் செத்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரையும், மீனை வெளியூர் எடுத்துப் போகும்போது பயன்படும் பேட்டரிக் காற்றுப் பம்பையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். வெயில் காய்ந்தது. எதிரே திருநீர்மலையின் படிகள் வரை தெரிந்தன. டம்ளருக்குள் காற்றை விட்டுவிட்டு, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்து அளந்தால் எட்டு புள்ளி இரண்டு. எந்தத் தூளும் போடவில்லை. வெறும் தாம்பரம் காற்று. லாரிப் புகையும் குப்பைப் புகையும் கலந்த அந்தக் காற்று என் தண்ணீரைச் சரி பண்ணிவிட்டது. கீழே வந்து ஹாலில் இன்னொரு டம்ளரை வைத்து அதே மாதிரி செய்தேன். ஏழு புள்ளி ஏழிலிருந்து நகரவே இல்லை.

நான் துணிக்கூடையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். தண்ணீரில் குறை இல்லை. ஹாலின் காற்றில்தான் குறை. தொட்டியில் அழுக்கைப் பிரிக்க நுரை எழுப்பும் கருவி ஒன்று உண்டு. அது அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் அடித்துக்கொண்டே இருக்கும். டேப் ஒட்டிய அந்த ஹாலில் நாங்கள் எல்லோரும் விட்ட மூச்சு வெளியே போக வழியில்லாமல் நின்று, அந்தக் கருவி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறேன். என்னையே பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்தியிருக்க வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நடுநடுவே மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அப்ப நான் மூச்சு விடறதுதான்... உன் பவளத்துக்கு ஆகல."

"நீங்க மட்டும் இல்லப்பா. நாங்களும்தான்."

"நான் விடறதே கொஞ்சம். அதுலயும் பங்கா?" என்றார். சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அடங்கிய பிறகும் கண்ணில் சிரிப்பு இருந்தது.

அதன் பிறகு அந்த எண் அவருக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. எங்கள் பக்கம் ஒருவர் படுத்துவிட்டார் என்று தெரிந்தால் போதும், ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாகச் சொந்தம் முழுக்க வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிடும். வராவிட்டால் குற்றம், வந்து சீக்கிரம் எழுந்தாலும் குற்றம். அவர்கள் போன பிறகு அப்பா கேட்பார்: "எவ்வளவு இறங்கிச்சு?" சித்தப்பா குடும்பத்தோடு வந்து போன அன்று எண் என்றுமில்லாமல் இறங்கியிருந்தது. "அவன் ஒருத்தனே போதும்டா, அவன் வாய் அப்படி" என்றார். காலையில் நான் பல் தேய்ப்பதற்கு முன்பே, "இன்னிக்கு எவ்வளவு?" எனக்கும் அவருக்கும் நடுவில் அதற்கு முன்னால் பெரிதாகப் பேச்சு இருந்ததில்லை. வண்டலூர் ஜூவில் வைக்க வேண்டியதை வீட்டில் வைத்திருக்கிறான் என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் கிண்டல் பண்ணுகிறவர், இப்போது அதே ஆட்களுக்குப் பவளம் எப்படி எலும்பு கட்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வருஷத்தில் சந்தோஷம் என்று சொல்ல வேறெதுவும் இல்லை.

ஜன்னலைத் திறக்க முடியாது. அதனால் பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாக ஒரு குழாயை விட்டு, வெளிக்காற்றைக் கொஞ்சம் தொட்டிக்குக் கொண்டு வந்தேன். எண் லேசாகத்தான் ஏறியது. ஆனால் தூள் போடுவதை அடியோடு நிறுத்தினேன். அதுதான் முக்கியம் என்று மெல்ல மெல்லப் புரிந்தது. குறைவான எண்ணில் நோஞ்சான் பவளம் சாகும். மற்றது வாடும், வளராது, ஆனால் தாக்குப்பிடிக்கும். எண்ணை ஏற்றுகிறேன் பேர்வழி என்று நான் கொட்டிக்கொண்டே இருந்ததுதான் பாதிக்கு மேல் கொன்றது. தொட்டியில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு பழுப்புக் கிளை அப்படியே நின்றது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. "என்னை மாதிரி" என்றார் அப்பா.

அப்பாவுக்கும் ஓர் எண் இருந்தது. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி காட்டுகிற எண். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும். அவரை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னையும் அக்காவையும் உட்கார வைத்துச் சொன்னார்: "இவருக்கு எண்பத்தெட்டுல இருந்து தொண்ணூத்திரண்டு வரைக்கும் இருந்தா போதும். மெஷினை ஒண்ணுலயே வைங்க. ஏத்தாதீங்க. இந்த மாதிரி நுரையீரலுக்கு ஆக்சிஜன் அதிகமாப் போனா, உள்ள இருக்கற கெட்ட காத்து வெளிய போறது குறைஞ்சிடும்." நான் தலையாட்டினேன். அக்காவும் ஆட்டினாள்.

அவளால் அதை நம்ப முடியவில்லை. காரணம் எனக்குத் தெரியும். கொரோனா இரண்டாவது அலையில் அம்மா போனபோது, கருவி மாட்டிய அம்மா விரலைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியும் படுக்கை கிடைக்காமல், தொண்ணூறு, எண்பத்தி மூன்று, எழுபத்தி ஒன்று என்று எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்தவள். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் ஆபத்து என்று அப்போது ஊரே மனப்பாடம் பண்ணியிருந்தது. அதை அவள் மண்டையிலிருந்து எந்த டாக்டராலும் அழிக்க முடியாது.

பகலில் நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம். மேடவாக்கத்திலிருந்து அக்கா ஸ்கூட்டரில் வந்து, நான் திரும்பும் வரை அப்பாவோடு இருப்பாள். ஒரு நாள் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். மெஷினின் குமிழ் மூன்றில் இருந்தது.

"யாருக்கா ஏத்தினது?"

"எண்பத்தொம்பது காட்டிச்சுடா. பார்த்துக்கினு சும்மா இருக்கச் சொல்றியா?"

"அதுதான் அவருக்கு சரியான அளவு. டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒரு கரண்டி சோறு கூடப் போட்டா யாராவது செத்துடுவாங்களா? காத்துதானே?"

நான் வகுப்பில் கத்துவது மாதிரி கத்திவிட்டேன். அவளும் விடவில்லை. "உன் தண்ணிக்கு எண் ஏறலைன்னு வீட்டையே பொரட்டிப் போட்டே. மாடிக்கும் கீழுக்கும் டம்ளரைத் தூக்கிக்கினு அலைஞ்சே. அப்பாவுக்கு எண் ஏறினா மட்டும் உனக்கு ஆகாதா?" என்றாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். நான் குமிழை ஒன்றுக்குத் திருப்பினேன். இனிமேல் தொடமாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

அதற்குப் பிறகு அப்பா நன்றாகத் தூங்க ஆரம்பித்தார். பார்க்க வந்தவர்களெல்லாம் அதைத்தான் சொன்னார்கள்: முகம் தெளிஞ்சிருக்கு, மூச்சு வாங்கல, நல்லாத் தூங்கறார். காலையில் மட்டும் தலை வலிக்கிறது என்பார். நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் குமிழ் ஒன்றில்தான் இருந்தது. பகலிலும் தூங்குகிறார் என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னாள். ஒரு காலையில் அவர் எண்ணைக் கேட்கவில்லை. நானே போய், "ஏழு புள்ளி எட்டுப்பா" என்றேன். கண்ணைத் திறந்து, யாரோ வெளியாளைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக் கிளம்பிப் போனேன்.

மதியம் தேர்வறையில் இருந்தபோது அக்கா அழைத்தாள். "அப்பாவை எழுப்ப முடியலைடா. ஆனா எண் நல்லாத்தான் காட்டுது."

குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று யோசிக்கிற முகத்தோடு வெளியே வந்தார். "ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ரொம்ப ஏறிடுச்சு. அதனால பி.எச். இறங்கிடுச்சு. ஏழு புள்ளி ஒண்ணுல இருக்கு" என்றார்.

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. ஏழு புள்ளி நாலு இருக்க வேண்டிய இடம் அது. உள்ளே அடைபட்ட மூச்சு, வெளியே போக வழியில்லாமல், அவர் ரத்தத்தையே அமிலமாக்கிக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக நான் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்த அதே கணக்கு. தொட்டியில் கண்டுபிடித்தேன், எதிர்ச் சுவரில் பார்க்கவில்லை.

"வீட்டுல ஆக்சிஜன் எவ்வளவுல வெச்சிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தாள். அழுகைக்கு நடுவிலும் குரலில் ஒரு பெருமை. "நாலுல வெச்சிருந்தேன் டாக்டர். காலைல இவன் போனதும் ஏத்திடுவேன். தொண்ணூத்தெட்டுக்குக் கீழ இறங்கவே விடல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் எதையோ எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நெஞ்சில் சளித்தொற்றும் இருக்கிறது, நுரையீரல் எப்படியும் முடிகிற நிலைதான், ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. அவர் நல்லவர். நானும் கேட்டுக்கொண்டேன். முகத்தை இறுக்கி மாஸ்க் மாட்டி மெஷினால் காற்றை அடித்துப் பார்த்தார்கள். ஒரு தடவை அப்பா கண்ணைத் திறந்தார். மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. எண்ணைத்தான் கேட்டார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அது என் ஆசையாகவும் இருக்கலாம். மறுநாள் சாயங்காலம் போய்விட்டார்.

உடலை எடுத்துக்கொண்டு போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தெருவில் இருக்கும் பெண்கள் வந்து, யாரையும் கேட்காமல், ஜன்னல் டேப்பையெல்லாம் கிழித்து எறிந்துவிட்டு இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டிருந்தார்கள். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்து, ஈரத்துணியோடு ஹாலுக்கு வந்தேன். கட்டிலும் மெஷினும் அப்புறப்படுத்தப்பட்டிருந்தன. தரை காற்றில் காய்ந்துகொண்டிருந்தது. தொட்டிக்கு மேலே எட்டு புள்ளி இரண்டு.

ஆறு மாதம் நான் தவமிருந்த எண். கருவியைப் பிடுங்கி உடைத்துவிடலாம் போலிருந்தது. கை ஓங்கிவிட்டது. பிறகு, அதை உடைத்து என்ன ஆகப் போகிறது என்று இறக்கிக்கொண்டேன்.

காரியம் வரை அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கினாள். எல்லோரும் போன பிறகு ஒரு மத்தியானம், கட்டில் கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழுப்புக் கிளையின் நுனிகளில் புதிதாக வெள்ளை தெரிந்தது. சாகிற வெள்ளை இல்லை. அரிசி முனை மாதிரி, எலும்பு வளர்கிற வெள்ளை.

"இது பொழைச்சிடுச்சா?" என்றாள்.

"பொழைச்சிடும்க்கா."

"உனக்குத்தான் இந்த எண்ணெல்லாம் தெரியும். நீ சொல்லு." தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "அம்மாவுக்குத்தான் ஒண்ணும் பண்ண முடியல. அப்பாவுக்கு நான் ஒரு நிமிஷம் கூட இறங்க விடலடா. தொண்ணூத்தெட்டு. கடைசி வரைக்கும் தொண்ணூத்தெட்டு. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

அவளுடைய ஆள்காட்டி விரல், யாருடைய விரலையோ பிடித்திருப்பது மாதிரி, கட்டைவிரலோடு சேர்ந்தே இருந்தது. எனக்கு விடை தெரியும். போர்டில் எழுதி, அடியில் கோடு போட்டு, படிப்படியாக விளக்கும் அளவுக்குத் தெரியும்.

"இல்லக்கா. நீ சரியாத்தான் பார்த்துக்கிட்டே."

அவள் ரொம்ப நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பழக்கத்தில் நேராகப் போய் ஜன்னலைச் சாத்தினாள். "தூசி வருதுடா" என்றாள்.

சாத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.